சட்டைப்பை உப்பு

பதினாறாவது கிலோமீட்டரில் அவளுக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல இருந்தது. பூட்டிக் கிடந்த மருந்துக்கடையின் படியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். கூட ஓடி வந்த பல் டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே "வலிக்கல டாக்டர்" என்று சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிற பெண் அவள். ஷூவைக் கழற்றிப் பாதத்தை மேல்நோக்கி வளைத்து அழுத்திப் பிடித்தாள். பிடிப்பு இளகக் கொஞ்ச நேரமானது.

"அக்கா, தொப்பியைக் கழட்டிப் பாருங்க."

கறுப்புத் தொப்பி. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இவ்வளவு வெளிய போகுது. உள்ள ஏதாவது போகுதா? சாப்பாட்டுல உப்பு போடறீங்களா இல்லையா?"

"போடாம என்ன" என்றாள் அவள். பச்சைப் பொய். அவள் வீட்டில் உப்பு இருந்து எட்டு மாதமாகிறது. உப்பு ஜாடியைக்கூட எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அதே இடத்தில், அதே கால். போட்டிக்கு இன்னும் நாலு வாரம். இதே சாலையில்தான் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் பின்வாங்கவும் வழியில்லை.

எட்டு மாதம் முன்பு வரை அவள் புருஷன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒருநாள் டெப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, படியில் வைத்த கால் தரைக்கு வருவதற்குள் மயங்கி விழுந்தார். பிரஷர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வராமல் இருந்ததே பெரிய விஷயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து, உப்பைக் குறைக்க வேண்டும், இரண்டு பேரும் தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்றார். "அவருக்கு உப்பில்லன்னா எனக்கும் இல்ல டாக்டர். எங்க வீட்டுல ஒரே குக்கர்தான்" என்று அவள் சத்தியம் செய்கிற குரலில் சொன்னாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் புருஷன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்த வார்த்தையை இனி மாற்ற முடியாது.

நடையைப் பொறுத்தவரை அவர் மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் மழை. ஐந்தாம் நாள் மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. அவள் தனியாக நடந்தாள். ஒருநாள் ஒரு நாய் துரத்தியது. ஓடினாள். நாய் பாதி வழியில் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. ஓடும்போது மட்டும்தான் மனசுக்குள் இருக்கிற நமைச்சல் அடங்குகிறது என்று அன்றைக்குக் கண்டுகொண்டாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சூப் கொதிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். பல் துலக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். "கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்று எதிர்வீட்டுக்காரி சொல்வாள். புருஷன் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்றே பெயர் வைத்துவிட்டார். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் விழுந்த செய்தி போனில் வந்தபோது அவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து உட்காரப் பயம்.

விடிவதற்கு முன் எழுந்து, முந்தின நாளே நறுக்கி வைத்த கேரட்டையும் பீன்ஸையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓடப் போவாள். திரும்பி வந்ததும் வியர்வை காய்வதற்குள் அவர் கையில் பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றுவாள். அது புஸ்ஸென்று காற்றை விடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். வருகிற எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவாள். பிறகு சமையல். எலுமிச்சை பிழிந்து, மிளகு தட்டி, பூண்டு வதக்கி, உப்பு இல்லாத குறையை மறைக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்ப்பாள். அவர் "நல்லா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுவார். டெப்போவில் இப்போது அவருக்கு ட்ரிப் ஷீட் எழுதுகிற மேஜை வேலை. மற்ற டிரைவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் மட்டும் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக அழுந்தும், தளரும், மறுபடி அழுந்தும்.

போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை அவருக்கு மெடிக்கல். மேல் எண் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் ஸ்டியரிங், இல்லையென்றால் ஓய்வுபெறும்வரை நாற்காலி. ஃப்ரிட்ஜ் தாளில் எண் நூற்று ஐம்பத்திரண்டிலேயே மாதக்கணக்காக நின்றது. அவள் கடை ரொட்டியை நிறுத்தினாள், சாஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். எண் அசையவில்லை. எங்கே ஓட்டை என்று புரியாமல் மண்டை காய்ந்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. மெஷினுக்குள் போவதற்கு முன் கோட்டுகளின் பைகளைத் துழாவிக் காலி செய்வது அவள் பொறுப்பு. பேனா, தெர்மாமீட்டர், பாதி தின்ற மிட்டாய், கேன்டீனில் கொடுக்கிற குட்டி உப்புப் பொட்டலம், ஒருதரம் யாருக்கோ எழுதி அனுப்பாத ராஜினாமாக் கடிதம் எல்லாம் வந்திருக்கின்றன. வீட்டில் மட்டும் பையைத் துழாவமாட்டாள். ஆஸ்பத்திரியில் துழாவினால் வேலை, வீட்டில் துழாவினால் சந்தேகம் என்பது அவள் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டை பையோடு அப்படியே மெஷினுக்குள் போகும். நனைந்த டிக்கெட் தாள்கள் கூழாக வெளியே வந்தாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, சும்மா இருக்கமுடியாமல் துணி போட உட்கார்ந்தாள். காலில் வலி, மனசு எங்கேயோ. அவளைக் கேட்காமலே கை அவருடைய காக்கிச் சட்டையின் பைக்குள் போய்விட்டது. கைப்பழக்கம். மூன்று குட்டிப் பொட்டலங்கள் வந்தன. ஒன்றை ஏற்கெனவே பிரித்துப் பாதியை மடித்து வைத்திருந்தார்.

பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புதான். டெப்போ கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, அவள் தலைகீழாக நின்று சமைத்துக் கட்டிக்கொடுத்த டப்பாவில் இதைத் தூவியிருக்கிறார். எட்டு மாதம். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வரட்டும், மேஜைமேல் விரித்து வைத்து, இது என்ன என்று ஒரே கேள்வி கேட்போம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இன்னொரு தரம் விரலைத் தொட்டு நக்கினாள். உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பிறகு நடந்ததை அவளால் நிறுத்த முடியவில்லை. பாத்ரூம் தரையில் உட்கார்ந்தபடியே மூன்று பொட்டலத்தையும் ஒன்றுவிடாமல் நக்கித் தீர்த்தாள். வெறும் காகிதம் கையில் இருந்தபோதுதான் உறைத்தது. சாட்சியை அவளே தின்றுவிட்டாள்.

இனி எப்படிக் கேட்பது? பொட்டலம் எங்கே என்றால் என்ன சொல்வது? அன்று மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உப்பில்லாத பீன்ஸை மென்றார்கள். "நல்லா இருக்கு" என்றார் அவர். "ம்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் பையில் நாலு இருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டாள், ஓட்டத்துக்கு நடுவில் நாக்கில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கால் பிடிக்கவில்லை. எடுப்பது திருட்டுதான், ஆனால் அவர் வாயில் போகிறது அவ்வளவு குறையுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் ஐந்து. அவள் எடுக்க எடுக்கப் பையில் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் இன்னும் அதிகமாகத் தின்கிறார் என்று நினைத்தாள். ஆனால் ஃப்ரிட்ஜ் தாளில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தைந்து. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேலையில் கோட்டுகளைத் துழாவும்போதும், காய் நறுக்கும்போதும், ஓடும்போதுகூட அதையே நினைத்தாள். ஓட்டத்தில் அடங்கிய நமைச்சல் இப்போது கூடவே ஓடி வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் காலை மெஷின் நூற்று நாற்பத்தொன்று காட்டியது. மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் அதேதான்.

"விடு. மெஷின் சூடாயிடப் போகுது" என்றார் அவர்.

"இன்னும் ரெண்டு. ரெண்டே ரெண்டுதாங்க."

"எறங்கும். வண்டி எறக்கத்துலதான் போயிட்டிருக்கு."

அவர் குளிக்கப் போனதும் கொடியில் தொங்கிய சட்டையைத் துழாவினாள். ஆறு பொட்டலம். ஆறையும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவர் திங்கட்கிழமையைத் தாண்டும்வரை தானும் தொடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்தாள். இவள் உப்புத் தின்னாவிட்டால் அவர் பிரஷர் இறங்கிவிடாது என்று அவளுக்கும் தெரியும். பயந்தவர்கள் இப்படித்தான் ஏதையாவது பணயம் வைப்பார்கள். அவளிடம் இருந்தது அந்தக் கால் மட்டும்தான்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?" என்று மத்தியானம் அவர் கேட்டார்.

"நீங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்? தூங்குங்க. திங்கட்கிழமைக்கு உடம்பு நல்லா இருக்கணும்."

மேஜைக்கு அடியில் அவர் கால் அழுந்தித் தளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் முதல் ஐந்து கிலோமீட்டர் கூட ஓடிவிட்டு, "நான் முன்னால போறேன் அக்கா, நீங்க உங்க வேகத்துலயே வாங்க" என்று போய்விட்டாள். பத்துவரை நன்றாகத்தான் போனது. பன்னிரண்டில் வெயில் ஏறியது. பதினான்கில் கெண்டைக்காலுக்குள் சின்னதாக ஏதோ துடித்தது. அதைக் கவனிக்காத மாதிரி ஓடினாள். பதினைந்தில் துடிப்பு நிற்காமல் வந்தது. தொப்பி விளிம்பிலிருந்து வழிந்தது உதட்டில் பட்டுக் கரித்தது. தன் உப்பு தன் உடம்பைவிட்டுப் போவதைத் தானே ருசி பார்த்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

மருந்துக்கடை தெரிந்தது. அதே பூட்டு, அதே படி. படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தலைக்கு ஒரு துண்டு. கையில் அவள் தினமும் கட்டிக்கொடுக்கிற டப்பா.

நொண்டிக்கொண்டு அவரிடம் போய் நின்றாள். "எதுக்கு வந்தீங்க?"

"இங்கதான் உனக்குப் பிடிச்சுக்குமாமே. டாக்டரம்மாகிட்ட நேத்து போன் போட்டுக் கேட்டேன்." டப்பாவைத் திறந்தார். தோல் உரித்த வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒழுங்கில்லாத துண்டுகளாக. அவர் அடுப்பைப் பற்றவைத்து அவள் பார்த்ததே கிடையாது. "பைல இருந்ததெல்லாம் காணோம். காலைல கேன்டீனைத் திறக்கச் சொல்லி வேற வாங்கினேன்."

அவள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல எனக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "அப்புறம் ஒருநாள் மூணும் காணாம போச்சு. நீ கேக்கல. கேப்பேன்னு ரெண்டு நாள் பார்த்தேன். அப்புறம்தான் உன் தொப்பியைப் பார்த்தேன். அன்னைலேர்ந்து அது உனக்குத்தான் வெச்சேன்."

நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் அவள் முகத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்ன வாய் அது. இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

நாக்கு சுருண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொட்டலத்துக்கு ஒரு கிழங்கு என்று கணக்குப் போட்டுக் கொட்டியிருக்கிறார் போலிருக்கிறது. மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

"நீங்க ருசி பாக்கலையா?"

"எப்படிப் பாக்கறது? நாளைக்கு மெடிக்கல் ஆச்சே." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "உப்பு சரியா இருக்கா?"

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. ஒரே ஒரு துண்டை வாயில் போட்டிருந்தால்கூட இதை யாரும் இன்னொருவருக்கு நீட்டியிருக்க முடியாது. நக்கிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

"சரியா இருக்கு" என்றாள்.

நாலு துண்டு தின்றாள். அவர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இருவர் அவர்களைத் தாண்டி ஓடினார்கள். அவர் சாலையைத் திரும்பிப் பார்த்து, "கிளம்பு, கிளம்பு எக்ஸ்பிரஸ். ஸ்டாப்புல ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றார்.

அவள் இடது காலை ஊன்றிப் பார்த்தாள். துடித்தது, ஆனால் பிடிக்கவில்லை. மெதுவாக ஓட ஆரம்பித்தாள். திருப்பத்துக்கு வந்ததும் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவர் டப்பாவை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, படியின் விளிம்பில் அவள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கால் தரையை மெல்ல, சீராக, அழுத்திக்கொண்டே இருந்தது.