எலியானாக நடிக்க எலியான் பொருந்தவில்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாட்களில், ஐந்தாம் மாடி எலியான் தூர்னெலின் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே படியேறியபோது கிடைத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நிற்பாள். ஆனால் அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வாழ்நாளெல்லாம் நடித்தவள். எதிரே ஒருவன் பையோடு மாட்டிக்கொண்டு நின்றால், அவனை ஒரு அரங்கமாகவே எடுத்துக்கொள்வாள்.

(கதைக்குள் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் 'நீங்கள்'தான்.)

"எழுதிக்கோ," என்றாள். "ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதே. சினிமாவில ஏற்கெனவே ஆக்கிட்டாங்க."

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஊல்காத் கடற்கரையில் அன்று மழை பிடித்துக்கொண்டது. மூடிய ஓட்டலின் சன்னலோரம் முதிய நடிகை ஒருத்தி தன் கடந்த காலத்தை–'

நிறுத்திவிட்டேன். முதிய நடிகை என்றாலே கை தானாகப் போய் மழையையும் சன்னலையும் எடுத்துவந்துவிடுகிறது. அவளிடமே கேட்டேன்.

"மழையா? நல்ல வெயில்பா. மூக்குத் தோல் உரிஞ்சுபோச்சு."

ஆகவே, வெயில்.

2

படத்தின் பெயர் 'இன்னும் கொஞ்சம் சத்தமாக'. பழைய நகைச்சுவை நடிகர்கள் சிலர், கோடை முடிந்து மூடிய கடற்கரை ஓட்டல் ஒன்றில் கூடி, தங்களைப் பற்றித் தாங்களே ஒரு படம் எடுக்கிறார்கள். அதுதான் கதை. அவரவர் சொந்தப் பெயரில் அவரவராகவே நடிக்க வேண்டும். படத்துக்குள் அவர்கள் எடுக்கும் படத்திலும் அப்படியே. (இதற்கு மேல் விளக்கினால் எனக்கே தலை சுற்றும்.)

இயக்குநர் பஸ்தியான், எலியானின் மகன் வயதுகூட இல்லாதவன், அவளைப் பாரிஸில் ஒரு சின்ன அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். கேமரா முன்னால் உட்காரவைத்து, "சும்மா நீங்களா இருங்க மேடம்" என்றான். இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தண்ணீர் குடித்தாள். பஸ்தியான் திரையைப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தான்.

"மேடம், நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்க."

"நான் அமைதியானவதான்."

"இருக்கலாம். ஆனா ஜனங்க மனசில இருக்கிற எலியான் கை வீசிப் பேசுவா. கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி எறிவா. அந்தச் சிரிப்பு வேற…"

"அதெல்லாம் வசனம் எழுதினவங்க செஞ்சதுப்பா."

"தெரியும் மேடம். எனக்கு அந்த எலியான்தான் வேணும்."

ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. எலியான் பாத்திரம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. ஓட்டல் சமையல்காரி வேஷம் இருக்கிறது, மனம் வைக்க முடியுமா?

"யாருப்பா அந்த எலியான்?" என்று கேட்டாள் எலியான்.

"ஜினெத் பர்பஸான்."

ஜினெத் அவளுடைய மிகப் பழைய சிநேகிதி. நாடகப் பள்ளியில் படித்த காலத்தில் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். எலியான் நட்சத்திரமானாள். ஜினெத் கடைசிவரை நட்சத்திரத்தின் தங்கை, தபால்காரி, பக்கத்து வீட்டுக்காரி. ஆனால் விருந்துகளில் எலியானைப் போலவே நடந்து, சிரித்து, கோப்பையை எறிவதுபோல் ஓங்கிக் காட்டுவாள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பது எலியானாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தில் ஜினெத் என்று ஒரு பாத்திரமே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவளை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று மூன்றாம் மாடியில் கேட்டேன்.

"என்னை எப்படி நடிச்சுக் காட்டறாள்னு பாக்க வேணாமா?"

3

பஸ்தியானோடு எனக்கு ஒரு சிக்கல். கதைக்கு ஒரு பொல்லாதவன் தேவைப்பட்டதால் அவனைத் திமிர் பிடித்தவனாக எழுதிப் பார்த்தேன். 'தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே அவன்–' என்றெல்லாம் ஓடியது. எலியான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் காலையில் ஒவ்வொரு கிழவர் அறைக் கதவையும் தட்டி, தூங்கினீர்களா என்று விசாரிப்பானாம். காது கேட்காத அன்செல்ம் என்ற நடிகருக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துவானாம். அவன் செய்ததெல்லாம் உண்மை பேசியது ஒன்றுதான். அதை வைத்து ஒருவனைப் பொல்லாதவனாக்க முடியவில்லை.*

* முடியும். ஆனால் அவனும் இந்தத் தெருவுக்கு வந்துபோகிறவன்.

4

படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே ஜினெத் தடுமாறினாள். ஒரே வாக்கியத்தை மறுபடி மறுபடி எடுத்தார்கள். எல்லோரும் பதற்றம் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை அவள் எலியானின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். தலையில் எலியானின் பழைய கொண்டையைப் போலவே செய்த ஒட்டுமுடி.

"எலி, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"நீ இந்த முடியோட நிக்கிறதைவிடப் பெரிய சிரிப்பா?"

"வசனம் நிக்க மாட்டேங்குதுடி. வாசல்வரைக்கும் வருது. உள்ள வான்னா ஓடிப்போயிடுது."

எலியான் அவளைக் கூர்ந்து பார்த்தாள். "டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். என்ன சொன்னார்னு மறந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது ஜினெத்.

"வெளிய தெரிஞ்சா காப்பீட்டுக்காரன் படத்தையே நிறுத்திடுவான். பாவம் அந்தப் பையன். எனக்கும்… நான் முதல் தடவையா போஸ்டர்ல நடுவுல நிக்கப்போறேன் எலி. உன் மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். இருந்தாலும் நடுவுல."

லொயிக் என்ற ஒலிப்பதிவுக்காரரிடம் மட்டும் இருவரும் விஷயத்தைச் சொன்னார்கள். முன்பும் சில பெரிய நடிகர்களுக்கு இந்த உதவி செய்திருக்கிறார். காதுக்குள் அடங்கும் சின்னக் கருவி ஒன்றை ஜினெத்தின் இடது காதில் வைத்து ஒட்டுமுடியால் மறைத்தார். எலியான் கையில் ஒலிவாங்கி. சமையல்காரிக்குப் படத்தில் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால்தான் வேலை. அங்கிருந்தே அவள் முணுமுணுத்தாள், ஜினெத் சொன்னாள்.

5

இந்த இடத்தில் ஒரு பக்கம் கட்டுரை எழுதியிருந்தேன். நடிகன் யார், அவன் குரல் யாருடையது என்று. (கிழித்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஒரு கிழவி நிற்கிறாள். அவளை நிற்கவைத்துவிட்டு நான் பேசிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை.)

எலியான் கொஞ்ச நாள் வசனத்தை எழுதியிருந்தபடியே சொன்னாள். பிறகு ஒரு சொல்லை மாற்றினாள். பிறகு ஒரு வரியை. 'நான் அழகி' என்று இருந்த இடத்தில், 'அழகா இருக்கிறது ஒரு வேலை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் செய்யறதில்லை' என்று சொல்லிக்கொடுத்தாள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டில் மட்டிச் சிப்பியும் ஆப்பிள் மதுவும். பஸ்தியான் அகமகிழ்ந்துபோய் எலியான் பக்கம் திரும்பினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவங்களைப் பாத்தப்புறம்தான் நீங்க யாருன்னு எனக்குப் புரியுது."

"அப்படியா?"

"ஜினெத் மேடம், அந்த ஆறு மணி வரி எங்கிருந்து வந்தது?"

ஜினெத் நாப்கினால் உதட்டை ஒற்றினாள். "என்னமோ தெரியலை தம்பி. தானா வந்தது. இந்த வயசிலதான் எனக்கு இப்படியெல்லாம் வருது."

எலியான் வாயிலிருந்த சிப்பித் துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

6

அன்று பிற்பகலே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இரவு விருந்துக் காட்சியை எடுத்தார்கள். படத்தின் எலியான் எழுந்து நின்று, இறந்துபோன நண்பர்களுக்காகக் கோப்பையை உயர்த்திப் பேச வேண்டும். படத்திலேயே நீளமான பேச்சு. கேமரா ஓடியது. ஜினெத் எழுந்தாள். கோப்பையை உயர்த்தினாள். காத்திருந்தாள்.

'அப்போது பார்த்துக் கருவியின் பாட்டரி தீர்ந்து–'

"பாட்டரி நல்லாத்தான் இருந்தது," என்றாள் எலியான் நான்காம் மாடியில். "நான்தான் பேசலை. அப்படியே எழுது."

அப்படியே எழுதுகிறேன். ஒலிவாங்கி கையில் இருந்தது. பேச்சு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறக்கவில்லை.

இங்கிருந்து கதை போகக்கூடிய வழிகள் சில தோன்றின. ஜினெத் உடைந்து உட்கார, எலியான் கதவைத் திறந்து வந்து தானே பேசி முடிக்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எலியானுக்குப் பிடித்திருக்கும். ஆனால் நடக்கவில்லை.) அல்லது காட்சி நிற்கிறது, விஷயம் வெளிவருகிறது, படம் பாதியில் முடிகிறது. (எனக்கு வசதி. அதுவும் நடக்கவில்லை.)

நடந்தது இது. ஜினெத் உயர்த்திய கோப்பையை இறக்கவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எலியானின் குரலில், எலியானின் தலைச்சாய்ப்போடு பேச ஆரம்பித்தாள்.

"என்ன சொல்லணும்னு மறந்துபோச்சு. எனக்கு ஜினெத்னு ஒரு சிநேகிதி உண்டு. உங்களுக்கெல்லாம் தெரியாது, அவ பேரைச் சின்ன எழுத்தில போடுவாங்க. பாவம், அவளுக்கு இப்ப எதுவும் ஞாபகத்தில நிக்கிறதில்லை. நான்தான் கதவுக்குப் பின்னால நின்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கொடுப்பேன். இன்னிக்கு ஏனோ நான் பேசவே மாட்டேங்கிறேன். அவமேல கோபமா இருக்கேன் போல. என்ன தப்பு செஞ்சாளோ, அதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அவ பேருக்கும் ஒரு வாய் குடிங்க."

அன்செல்முக்கு ஒன்றும் கேட்கவில்லை; ஆனாலும் கோப்பையை உயர்த்தினார். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தபடி உயர்த்தினார்கள். அவள் நகைச்சுவையாகப் புனைந்து பேசுகிறாள் என்று பஸ்தியான் நினைத்தான். கேமராவை நிறுத்தாதே என்று கையைக் காட்டினான்.

கதவுக்குப் பின்னால் எலியான் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த ஆறு மணி வரியை ஜினெத் திருடவில்லை, யார் கொடுத்தது என்பதே அவள் நினைவில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேசையடியில் ஜினெத்தின் இன்னொரு கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

7

படம் வெளியாகி, சுமாராக ஓடியது. போஸ்டரில் ஜினெத் நடுவில் நின்றாள். இப்போது அவள் ஷார்த்ர் நகருக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வியாழன்தோறும் எலியான் ரயிலேறிப் போய்வருகிறாள். அந்தப் படம் ஜினெத்துக்குச் சில வாரம் நினைவிருக்கிறது, சில வாரம் இல்லை.

விருந்துக் காட்சியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேசி முடித்ததும் ஜினெத் இடது பக்கம் தலையைச் சற்றே சாய்க்கிறாள். அந்தக் காதில் எதுவோ விழுகிறது. கண் விரிகிறது. சிரிப்பு வெடிக்கிறது. அது எலியானின் சிரிப்பில்லை, அவளுடைய சொந்தச் சிரிப்பு.

அப்போது என்ன சொன்னீர்கள் என்று எலியானிடம் கேட்டேன். ஐந்தாம் மாடி வந்திருந்தது. பையை வாங்கிக்கொண்டாள்.

"அது அவ காதுக்குச் சொன்னது."

நானே எழுதிப் பார்த்தேன். 'மன்னிச்சுக்கோ' என்று போட்டேன். அந்த இருவர் நடுவே அந்தச் சொல் வெட்கப்பட்டு நின்றது. 'நிமிர்ந்து நில்லுடி, நான் கூன் போட மாட்டேன்' என்று போட்டேன். பரவாயில்லை, ஆனால் அது என் சொல். ஆகவே இடத்தைக் காலியாக விடுகிறேன். உங்களுக்கும் பழைய சிநேகிதம் ஒன்று இருக்கும். அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: தன் நினைவு நழுவிப் போவது தெரிந்த ஒரு பெண், அதைக் கேட்டதும் பயத்தை விட்டுச் சிரிக்க வேண்டும்.

எலியான் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுபோய், "…………………………" என்றாள்.

ஜினெத் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நாற்காலியை விட்டுக் கையை எடுத்து, எலியான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள்.