கடைசி மாத முத்திரை

இதனால் கம்பம் பள்ளத்தாக்கு வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது அஞ்சல் வரலாற்றில் நாற்பது ஆண்டுகளாக நிலவிவந்த மாபெரும் வெற்றிடம் சென்ற மாசி மாதம் நிரப்பப்பட்டுவிட்டது. நிரப்பியவர் கூடலூர் சுருளிராஜன், அஞ்சல் வரலாற்றுப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் வேறு ஆள் கிடையாது.

வடக்கே எப்போதோ இழுத்து மூடப்பட்ட ராணுவ விமானத்தளம் ஒன்றிலிருந்து வந்த தபால்களைத்தான் அவர் சேர்க்கிறார். தளத்தின் கடைசி மாத முத்திரை விழுந்த கவர் மட்டும் சிக்கவில்லை. அது ஜெயமங்கலத்தில், இருளம்மாள் வீட்டு டிரங்குப்பெட்டியில் இருந்தது.

இருளம்மாளின் புருசன் பிச்சைமணி அந்தத் தளத்தில் சமையல்காரர். நாற்பது வருசமாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தை மாதம் மாமியார் செத்த பிறகு பெட்டியைக் குடைந்தபோது, பிரிக்காத கவர் ஒன்று கிடைத்தது. பிரித்தால்தானே சேதி என்று கிழவி ஒளித்து வைத்திருக்கிறாள். பழைய தபால் தேடி ஊர் ஊராக அலையும் சுருளிராஜன் வாசலுக்கு வந்தபோது, இருளம்மாள் அதை அவரிடம் நீட்டினாள்.

"சொந்தக்காரக படிச்சா பாதியிலயே அழுதுருவாக, தம்பி. நீங்க படிச்சுச் சொல்லுங்க. அவுக இருக்காகளா, இல்லையா? அது தெரிஞ்சாப் போதும்."

சுருளிராஜன் பிளேடு கேட்டு வாங்கி, முத்திரையில் கீறல் விழாமல் ஓரத்தை அறுத்தார். இங்கிலீஷில் நாலு வரி. பிச்சைமணி காய்ச்சலில் இறந்துவிட்டார். உடலை வாங்க யாரும் வராததால் அங்கேயே அடக்கம் செய்தாயிற்று.

துக்கச் சேதி வந்த காகிதத்தைப் படித்ததும் கவரோடு சேர்த்துக் கிழித்து எறிவது இந்தப் பக்கத்து வழக்கம்; வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். போன வருசம் கம்பத்தில் அப்படி ஒரு கவரை அவர் கண் முன்னாலேயே கிழித்தார்கள். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடன்பிறந்த தம்பி செத்தபோது ஒரு வேளைச் சோறுதான் விட்டவர்.

இருளம்மாளின் கை காகிதத்துக்காக ஏற்கெனவே நீண்டிருந்தது.

"ஆபீஸ் காகிதம்க்கா," என்றார் சுருளிராஜன். "தளத்தை மூடுறாகளாம். ஆளுகள எல்லாம் அஸ்ஸாம் பக்கம் மாத்திட்டாக."

"அப்ப இருக்காக," என்றாள் அவள். கேள்வியாகச் சொல்லவில்லை. அட்ரஸ் விசாரிக்க உதவுமே, கவரை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, காப்பியும் கொடுத்து அனுப்பினாள்.

மதுரைக் கண்காட்சியில் அந்தக் கவர் கண்ணாடிக்குள் தனியாக வீற்றிருந்தது. நடுவர் ஒரு நிமிடம் பார்த்தார். பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது. வந்த எல்லோருக்கும் அதுதான்.

ரேசன் கார்டில் நீக்கியிருந்த புருசன் பெயரை மறுபடி சேர்க்கச் சொல்லி, பெரியகுளம் தாலுகா ஆபீசில் இருளம்மாள் மனுக் கொடுத்திருக்கிறாள்.