கந்தவேல் கொண்டுவந்த இணைப்பு

யுத்த காலத்தில் நூலுக்கும் பங்கீடு. அதை அளந்து கொடுத்த சேலத்து ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா. ஆஹா, அது ஒரு காலம்! எங்கள் ஹெட்கிளார்க் தண்டாயுதபாணி இருமினால் ஏற்காட்டு மலையில் நாலு பாறை உருளும்.

மனுவோடு எது வந்தாலும் ‘இத்துடன் இணைத்திருக்கிறேன்’ என்று மனுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அது கூடவே வந்திருக்க வேண்டும். இது அவர் சட்டம்.

ஜலகண்டாபுரத்து நெசவாளி கந்தவேலுக்குக் கிடைத்தது மக்கிய நூல். தொட்டால் அறுந்தது, உற்றுப் பார்த்தாலே அறுந்தது. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். மாற்றித் தரக் கேட்டு மனு எழுதி, கூடவே மாதிரிக்கு ஒரு சிட்டம் நூலையும் சுருட்டிக் கட்டி அனுப்பினார். மனுவில் சிட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்று திரும்பியது. மறுமுறை அதையும் குறிப்பிட்டு எழுதினார், தபாலில் சிட்டம் நழுவிவிட்டது. இணைப்பைக் காணோமென்று அதுவும் திரும்பியது.

பிறகு அவரே வந்தார். அதே நூலில் எப்படியோ ஒரு துண்டு நெய்து, கஞ்சி போட்டு அட்டை போல விறைக்க வைத்து, அதன் மேலேயே மனுவை எழுதியிருந்தார். விரித்தால் ஆபீஸுக்கே பந்தல் போடலாம்.

“இணைப்பு எங்கய்யா?” என்றார் தண்டாயுதபாணி.

“அது மேலதானுங்க மனுவே உக்காந்திருக்குது. இனி எப்படிங்க நழுவும்?”

“மனு ஒரு கட்டு, இணைப்பு ஒரு கட்டு. இதை நான் எதுல வெக்கிறது?”

“மடிச்சுத் தோள்ல போட்டுக்கங்க சாமி.”

சிரிப்பை அடக்கியதில் என் சட்டைப் பொத்தான் தெறித்து அஸ்தம்பட்டியில் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு ஆபீஸர் வந்தார். தண்டாயுதபாணி ஒரு முனையை விடாமல் பிடித்திருக்க, வாசிப்பதற்காக அவர் மறுமுனையை இழுத்தார். டர்ர்! மனு இரண்டாகக் கிழிந்தது. ஆபீஸர் கிழிந்த ஓரத்தை விரலால் தேய்த்தார். நூல் மாவாக உதிர்ந்தது.

“இதுக்கு மேல வாசிக்க என்ன இருக்கு? நூலை மாத்திக் குடுங்க.”

கந்தவேல் புது நூல் மூட்டையைத் தோளில் ஏற்றியபோது, தண்டாயுதபாணி கோணி ஊசியோடு உட்கார்ந்து, மனுவின் இரண்டு பாதிகளையும் ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தின் மேல் அப்படி ஒரு பக்தியை இனி எங்கே காண்பேன்!

“வாரேனுங்க,” என்ற கந்தவேல், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, வீணாத் தெக்கிறீங்களே. அந்த நூல்ல தையல் நிக்காதுங்க.”