கல்யாணக் கார்டும் ஒரு பெட்டித் தோட்டாவும்

சுடுவது கொஞ்ச நேர வேலை. அதற்கான தோட்டாவை வீட்டிலேயே செய்வதுதான் முதுகை முறிக்கும். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் அலோசியஸின் வீட்டு நிலவறையான கெல்லருக்குள் சனிக்கிழமை காலையில் எட்டிப்பார்த்தால் தெரியும். சுட்டுக் காலியான பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, கரி போகக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாகக் கைப்பிடி இயந்திரத்தில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மன்னாரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர், இங்கே துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, வகுப்புக்குப் போய் அனுமதி எடுத்து, அதே சத்தத்தைக் கையால் செய்கிறாரே என்று மனைவி கொறற்றி சிரிப்பாள். இங்கே காகிதத்தைத்தானே சுடுகிறேன், காகிதத்துக்கு யாரும் அழுவதில்லை என்பார் அவர்.

இத்தனை சலிப்புக்கும் பிறகு ஒரு சுகம் இருக்கிறது. வரிசையாக நிற்கும் கோதுகளில் வெடிமருந்து கடுகைப் போல் சலசலத்து இறங்கும். அதன் மேல் குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் மெத்தென்று போய் உட்காரும். ஒவ்வொரு தடவையும் அலோசியஸின் முகம் மலர்ந்துவிடும். கடைத் தோட்டா அவருடைய கைத்துப்பாக்கியில் கண்டபடி சிதறும். தன் தோட்டா சொன்ன இடத்தில் விழும். மறுநாள் கிளப்பில் போட்டி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வருடக்கணக்காக வேடிக்கை பார்த்தவர், இந்த முறை அந்த இடத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

மருந்து போடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். மருந்து கோதில் பாதிக்குக்கூட வராது. மறதியாக இரண்டு தரம் போட்டாலும் உள்ளே அடங்கிவிடும். அதைச் சுட்டால் துப்பாக்கி வெடித்துக் கையும் சேர்ந்து போகும். அதனால் குண்டு வைக்குமுன் டோர்ச் அடித்து எல்லாக் கோதையும் பார்ப்பார்.

அன்று பாதி வேலையில் வாசல் மணி அடித்தது. நம்மவர்கள் முன்கூட்டியே நேரம் கேட்டு டெர்மின் வைத்தா வருகிறார்கள்? மகளின் கல்யாணக் கார்டோடு கனகவல்லி அக்கா நின்றார். தான் இல்லையென்று சொல்லிவிடும்படி அலோசியஸ் கெஞ்சினார்.

“வீட்டில நிக்கிற மனுசனை இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது,” என்றாள் கொறற்றி. பூசை தவறாதவள், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கல்யாணக் கார்டைப் பெண்சாதியிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது அழைப்பாகுமா? தம்பதி சேர்ந்து நின்று வாங்க வேண்டும். அக்கா கெல்லர்ப் படியிறங்கியே வந்துவிட்டார். அலோசியஸ் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். மேலே போய்த் தேத்தண்ணி குடித்து, மாப்பிள்ளையின் பரம்பரை முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பியவர், போன நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில் மளமளவென்று மிச்ச மருந்தைப் போட்டு, குண்டுகளையும் அழுத்தி முடித்தார்.

மத்தியானச் சோற்றில் கை வைத்தபோதுதான் பொறிதட்டியது. டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. எந்தக் கோதில் விட்டு எழும்பினார் என்பதும் நினைவில்லை.

கடைத் தோட்டாவைக் கொண்டுபோகச் சொன்னாள் கொறற்றி. அவர் முகம் தொங்கிப்போனது. கீழே இறங்கி, செய்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக, தோட்டா பிரிப்பதற்கென்றே உள்ளே கூடாகச் செய்த ஒரு சுத்தியலுக்குள் செருகி, மரக்கட்டையில் அடித்துப் பிரிக்கத் தொடங்கினார். அடித்த அடியில் பக்கத்து வீட்டு அம்மா வந்து, ஊருக்கே ஷ்னிட்சல் இறைச்சி தட்டுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். கொறற்றி படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பெட்டியின் நடு வரிசையில் ஒரு தோட்டாவிலிருந்து இரண்டு பங்கு மருந்து கொட்டியது. சிரிப்பு நின்றது. கொறற்றி எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் மிச்சத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து மருந்து போட ஆரம்பித்தார். நாலைந்து கோது தாண்டியிருக்காது, மறுபடியும் மணி. கனகவல்லி அக்கா குடையை மறந்துவிட்டாராம். தம்பி அலோசியஸிடம் இன்னொரு விசயமும் சொல்ல வேண்டுமாம். கொறற்றி மேலே ஓடினாள். கீழே அலோசியஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

“அவர் வீட்டில இல்லை, அக்கா.”

அலோசியஸ் அசந்துபோனார். கட்டின நாளிலிருந்து அவள் வாயில் வந்த முதல் பொய். அந்தத் திகைப்பில் எந்தக் கோது வரை போட்டார் என்பது மறந்தேபோனது. போட்டதையெல்லாம் திருப்பிக் கொட்டிவிட்டு, முதல் கோதிலிருந்து தொடங்கினார். இந்த முறை அவருக்குக் கொஞ்சமும் சலிக்கவில்லை.