இடது காது

இராஜாங்கத்தின் இடப்பக்கம் இளையபெருமாளுக்கு உரியது. கட்சியில் எல்லோருக்கும் அது தெரியும், காரணம்தான் தெரியாது. காவிரித் தண்ணீருக்காக மறியல் செய்தபோது விழுந்த அடியில் இராஜாங்கத்தின் இடது காது போய்விட்டது. "வெளிய தெரிஞ்சா செவிடன்னு மேடையிலயே கேலி பண்ணுவானுங்கடா" என்று இராஜாங்கம் அழுததைப் பார்த்தவன் இளையபெருமாள் ஒருவன்தான். அன்றிலிருந்து கூட்ட நெரிசலில் இராஜாங்கத்துக்கு வரும் இடியையெல்லாம் தன் தோளில் வாங்கினான். இடப்பக்கம் யார் பேசினாலும் கேட்டுக்கொண்டு, பின்னால் சுற்றி வந்து நல்ல காதில் போட்டான். கட்டிய மனைவிக்குக்கூட இராஜாங்கத்திடம் இந்த இடம் இல்லை என்று அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

இராஜாங்கம் மந்திரியானதும், இடுப்பில் துப்பாக்கியோடு சதீஷ் என்ற போலீஸ்காரன் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்தான். முதல் நாளே, "அண்ணே, நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றான். அந்த மரியாதைதான் இளையபெருமாளுக்கு அதிகமாக எரிந்தது. இராஜாங்கம் அதைக் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். அவர் கழற்றிக் கொடுக்கும் சால்வைகளைச் சுமப்பது மட்டும் இளையபெருமாளுக்கு மிச்சமாயிற்று. காது விஷயத்தை சதீஷிடம் அவன் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் மழையில் மூழ்கிய சம்பா வயல்களைப் பார்க்க மந்திரி வந்திருந்தார். ரோட்டோரம் இடப்பக்கமாக நின்ற விவசாயி தர்மாம்பாள், அழுகிய பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, வடிகாலத் தூர் வாரவே இல்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கய்யா."

வலப்பக்கம் விழுந்த சால்வைக்குச் சிரித்தபடியே இராஜாங்கம் அவளைக் கடந்து போனார்.

"சிரிச்சிக்கிட்டே போறாரு பாரு" என்றது ஒரு குரல். செல்போன்கள் உயர்ந்தன. சதீஷுக்கு ஒன்றும் புரியவில்லை. இளையபெருமாள் எட்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. தர்மாம்பாளின் முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்துகொண்டான்.

சனங்களின் முகம் மாறியதைக் கண்டு இராஜாங்கம் நின்றார். திரும்பி இளையபெருமாளைத்தான் பார்த்தார். அவன் வேண்டுமென்றே நின்றுவிட்டான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கூப்பிடுவார் என்று இவன் காத்திருந்தான்.

இராஜாங்கம் சதீஷை அருகே இழுத்தார். தன் இடது காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். சதீஷ் தலையாட்டினான். தர்மாம்பாளிடம் போய்க் குனிந்து கேட்டான். பின்னால் சுற்றி வந்து, வலது காதில் சொன்னான்.

வயலில் இறங்குவதற்காக இராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். கழுத்துச் சால்வையை உருவி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

இளையபெருமாளின் கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது.