பிம் கலந்த மண்

மஞ்சள் மேலிருந்து தொடங்கியது.

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கஞ்சாச் செடியில் மஞ்சள் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும். தழைச்சத்து குறையும்போது செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும். அடியிலை வெளுத்து உதிரும், உச்சி பச்சையாக நிற்கும். தண்ணீர் கூடிப்போனால் எல்லா இலையும் தொங்கும். இங்கே அடியிலைகள் விறைப்பாக, கரும்பச்சையாக இருந்தன. உச்சியில் புதிதாக விரிந்தவை மட்டும் எலுமிச்சை நிறம். அதில் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன.

ஆறு செடிகள், பழைய வாஷிங் மெஷின் தொட்டிகளில். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு பிரிட்ஜும் டிவியும் உடைத்துப் பிரிக்கிற ஊர். துவைக்கும் தொட்டியில் சுற்றிலும் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காது. அதைத் தேர்ந்தெடுத்தவள் பிம். வீட்டில் வளர்க்கலாம் என்று தாய்லாந்து அரசு அறிவித்ததும் போனில் பெயர் பதிந்தவளும், மண் கலந்தவளும், நட்டவளும் அவள்தான்.

பிம் என் மனைவி. குளிர்காலத்தில் இறந்தாள். சிறுநீரகம். வயது முப்பத்தொன்று. இந்தப் பக்கத்தில் சிறுநீரகம் போவது புதிதல்ல. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செடிகள் அவள் அப்பா தோங்சுக்குக்காக. அவருக்கு ஈரலில் புற்று. டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவில் நாக்கின் அடியில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டால் தூங்குவார். விடாவிட்டால் விடியும்வரை மரப்பலகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். முதல் நடவில் பிம் காய்ச்சிய எண்ணெய் பாட்டிலில் பாதி இருந்தது. இது இரண்டாம் நடவு. பூ வர வேண்டிய நேரத்தில் உச்சி வெளுத்துவிட்டது.

அவள் போன பிறகும் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். மருமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது இங்கே வழக்கம். பெண் போய்விட்டால் அவன் எங்கே போவது என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு லம்யாய் வேலி மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிம்முக்கு அவள் சின்னம்மா. எனக்கும் அப்படித்தான்.

"என்ன மாப்ள, செடிக்கு நாடி பிடிக்கறதுக்கும் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

சொல்லிக் கொடுத்தார்கள். கோன் கேன் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தேன். டவுனில் உரக்கடையில் வேலை செய்கிறேன்.

"ஒரு பிடி யூரியா போடு. புருசன் சம்பளம் மாதிரிதான். போட்டாத்தான் பச்சையாகும்" என்றாள்.

யூரியா போடவில்லை. உச்சி இலை வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் செடிக்கு இரும்பு எட்டவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்கலாம். இருந்தும் வேர் எடுக்க முடியாமல் இருக்கலாம். இது செம்மண் பூமி. தோண்டினால் இரும்புதான். ஆக, ஏதோ ஒன்று வேரின் வாயை அடைக்கிறது.

கடையிலிருந்து அமிலமா காரமா என்று காட்டும் கருவி கொண்டுவந்து மண்ணில் குத்திப் பார்த்தேன். காரம் மிகுந்திருந்தது. சாம்பலில் நட்டதுபோல.

பிம்மின் கலவை ஊரில் எல்லோரும் கலப்பதுதான். தூங்குமூஞ்சி இலை மக்கு ஒரு பங்கு, பழைய எரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி கொஞ்சம் காரம்தான். இவ்வளவு இருக்காது. முதல் நடவிலும் உச்சி வெளுத்தது. அப்போது அவள் இரும்புச்சத்து தெளித்தாள். இலை பச்சையானது. அதோடு விட்டுவிட்டோம்.

இந்த முறை தெளிக்கவில்லை. ஆறில் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவி, கடையில் விற்கும் மூட்டை மண்ணில் நட்டேன். ஒரு வாரம் வாடிக் கிடந்தது. பிறகு விரிந்த புது இலை பச்சை. மற்ற ஐந்தும் மஞ்சள்.

அப்படியானால் மண்.

காலியான தொட்டியை முற்றத்தில் கவிழ்த்து விரலால் கிளறினேன். இலை மக்கு, எரு, கரி. கரியில் உமியின் வடிவம் தெரிந்தது. அதற்குள் வேறு ஏதோ நெருடியது. கடுகு அளவு உருண்டைகள். சில சிவப்பு, சில வெள்ளி. வெள்ளி நிறத்ததைக் கல்லில் வைத்து நசுக்கினேன். மெத்தென்று தட்டையானது. ஈயப்பற்று, வயர் பற்றவைக்கிற ஈயம். சிவந்தது செம்பு.

எங்கள் ஊரில் வயர் எரிக்கிறவர்கள் அடியில் உமியைக் கொட்டி அதன்மேல் வயரைப் போட்டுக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உருகிப் போகும், செம்பு நிற்கும். மிச்சம் ஒரு கருப்பு மேடு. தூரத்திலிருந்து பார்த்தால் உமிக்கரிதான்.

தோங்சுக் ஊஞ்சல் படுக்கையில் கிடந்தார். பிம் கரி எங்கே எடுத்தாள் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"அவ எங்க எடுத்தா? நான்தான் குடுத்தேன்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. "நம்ம வயல் மூலைல எரிக்கிற எடம் இருக்குல்ல, அங்கேருந்து. மில்லு கரிய விட சுத்தம் மாப்ள. புல்லு மொளைக்காது. எறும்பு கூட அந்தப் பக்கம் வராது. மொத மூட்டைய நானே தோள்ல தூக்கிட்டு வந்தேன். எட்டு வருசம் இருக்கும். அவ மொளகா வச்சப்போ."

எட்டு வருடம். மிளகாய், துளசி, கீரை. தினமும் அந்த முற்றத்திலிருந்து கிள்ளித்தான் குழம்பில் போட்டாள். நான் டவுனில் கடைச் சாப்பாடு. அவர் வாய்க்குக் கீரை ஆகாது. கீரையை ஆசையாகத் தின்றவள் அவள் ஒருத்திதான்.

உங்களுக்கு நிழல் வேண்டுமா என்று கேட்டு ஊஞ்சலைத் தள்ளிக் கட்டினேன்.

கூடப் படித்த ஏக் இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறான். கொஞ்சம் இலையும் ஒரு சிறு குப்பியில் எண்ணெயும் அனுப்பினேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவன் போன் செய்தபோது கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது என்றான். மண்ணில் எது இருந்தாலும் உறிஞ்சுகிற செடி இது, தெரியாதா என்றான். எண்ணெயாகக் காய்ச்சும்போது இன்னும் கெட்டிப்படும் என்றான். காட்மியம் எங்கே போய் உட்காரும் என்று அவன் சொல்லத் தொடங்கினான். எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன் என்றேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சிறுநீரகம்.

ஏக்கின் குரல் தாழ்ந்தது.

"டேய் கோர்ன். இத யாராச்சும் குடிக்கிறாங்களா?"

இல்லை என்றேன்.

சொல்லக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். எண்ணெயை நிறுத்த வேண்டும், மண்ணை அகற்ற வேண்டும், ஆனால் காரணம் அவருக்குத் தெரியக் கூடாது. சாகக் கிடக்கிறவரிடம், உங்கள் தோளில் தூக்கி வந்ததுதான் உங்கள் மகளைத் தின்றிருக்கும் என்று எப்படிச் சொல்வது. அது உறுதியாகத் தெரியவும் தெரியாது. அவளைத் தகனம் செய்தாயிற்று. இனி யாருக்கும் தெரியாது.

வேர் அழுகிவிட்டது என்று சொல்லி ஆறு செடிகளையும் பிடுங்கினேன். மண்ணை வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டி ஓலை போட்டு மூடினேன். மிளகாய்த் தொட்டிகளையும் அதிலேயே கவிழ்த்தேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கஞ்சா எண்ணெயை வாங்கி வந்து மூன்று சொட்டு விட்டேன்.

அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இது அவ காய்ச்சினது இல்லையே."

அது தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. ஏன் கொட்டவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி எண்ணெய் அவருக்குக் கேட்கவில்லை. பலகையைச் சுரண்டும் சத்தம் திரும்ப வந்தது.

அவள் இறந்த நூறாம் நாள் புண்ணியச் சடங்கு நெருங்கியது. அன்று பிக்குகளுக்கு உணவு கொடுத்து, வந்தவர்களுக்கு ஒரு சிறு பொருள் கையில் கொடுத்தனுப்புவோம். இறந்தவர் பெயரில் போவது. சிலர் மூக்கில் உறிஞ்சும் மருந்துக் குப்பி கொடுப்பார்கள். சிலர் துண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தோங்சுக் சொல்லியிருந்தார். நோயாளிக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் டவுனிலிருந்து பிக்குகளுக்கான சாமான்களோடு திரும்பினேன். மரத்தூண்கள் மேல் நிற்கும் எங்கள் வீட்டின் அடியில், நிழலில், கருப்பு பிளாஸ்டிக் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துளசி நாற்று. ஒவ்வொன்றிலும் பிம் பெயர் எழுதிய ஒரு குச்சி. லம்யாய் குந்தி உட்கார்ந்து கடைசி வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தாள். தோங்சுக் ஊஞ்சலிலிருந்து மேற்பார்வை பார்த்தார்.

குழியின் ஓலை விலகிக் கிடந்தது.

"பாத்தியா மாப்ள" என்றார். "அவ கலந்த மண்ணு. நீ வீணா குழில போட்டுட்ட. செடி அழுகினா மண்ணு என்ன பண்ணும்? நாளைக்கு வர்றவங்க வீட்டுல எல்லாம் என் பொண்ணு மொளைப்பா."

லம்யாய் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "எங்களுக்கு ரெண்டு தள்ளுவண்டி எடுத்தாச்சு. மக கீரைப் பாத்திக்கு. மாசமா இருக்கா, வாய்க்கு ருசியா ஏதாச்சும் வேணுங்கறா."

இரவோடு இரவாக மண்ணை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். கோப்பைகளை மாற்றலாம். லம்யாயின் பாத்தியை எப்படி மாற்றுவது. வயல் மூலையில் அந்தக் கருப்பு மேடு அப்படியே இருக்கிறது. நாளைக்கே இன்னொருவர் உமிக்கரி என்று அள்ளிப் போவார். நான் வாயை மூடியிருக்கும்வரை அள்ளுவார்கள்.

சாமான்களைக் கீழே வைத்தேன்.

"அப்பா, இத யாருக்கும் குடுக்கக் கூடாது. சின்னம்மா, பாத்தியில போட்டத அள்ளணும். இது உமிக்கரி இல்ல. வயர் எரிச்ச சாம்பல். ஈயம் இருக்கு. இன்னும் மோசமானதும் இருக்கு. செடில ஏறுது. தின்னா சிறுநீரகத்துக்குப் போகும்."

லம்யாய் தன் கைகளைப் பார்த்தாள். பாவாடையில் துடைத்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு எழுந்து வேலியைத் தாண்டிப் போனாள். அங்கே மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரு முறை. இன்னொரு முறை, குரல் உயர்ந்து.

தோங்சுக் கோப்பைகளைப் பார்த்தார்.

"மொத மூட்டை நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

"அதனாலதான்னு யாரும் சொல்ல முடியாதுப்பா."

"நீ இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

நான் ஒரு கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அவ எண்ணெய் இருக்குல்ல. நீ கொட்டியிருக்க மாட்ட."

இருக்கிறது என்றேன்.

"அதையே குடு. எனக்கு இனிமே அது என்ன பண்ணப்போகுது."

மறுநாள் வந்தவர்களுக்குக் கடையில் வாங்கிய துண்டு கொடுத்தோம். வயல் மூலையில் ஏன் யாரும் சாம்பல் அள்ளக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தோங்சுக்கே சொன்னார். உட்கார முடியாமல், பாயில் படுத்தபடி. முதல் மூட்டையைத் தூக்கி வந்தது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சிலர் தலையசைத்தார்கள். ஒருவன், நாங்கள் பத்து வருடமாகப் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்றான். அவன் பக்கத்தில் அமர்ந்திருந்த அவன் மனைவியின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. பிம்முக்கும் அப்படித்தான் தொடங்கியது.

மண்ணை மூட்டைகளில் கட்டிவிட்டேன். லம்யாய் பாத்தியிலிருந்து எடுத்ததும் சேர்ந்து இருபதுக்கு மேல். கொட்ட இடமில்லை. வயலில் நெல். குளத்தில் மீன். கோயில் தோப்பில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். மூட்டைகள் வீட்டுக்கு அடியில் இருக்கின்றன, நேராக நான் படுக்கும் பலகைக்குக் கீழே.

ராத்திரி மூன்று சொட்டு விடுகிறேன். அவர் தூங்குகிறார்.

மேற்கே மேகம் திரள்கிறது. வேலிக்கு அப்பால், லம்யாய் வீட்டையும் தாண்டி அடுத்த வயலில், கருப்புப் புகை எழுகிறது. மழைக்கு முன்னால் வயரை எரித்து முடிக்கப் பார்க்கிறார்கள். நான் மூட்டைகளின் வாயை இன்னொரு கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.