குளியலறைக் கதவும் மூன்றாம் கிணறும்

தெருவில் எல்லாருக்கும் அவர் கேஸ்காரர். ஊருக்கு வெளியே, பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளில் அழுத்தத்தைப் பார்த்து வால்வைத் திருப்புவது அவர் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். கொஞ்ச நாளாகச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. கதவுகள் முரண்டு பிடித்தன.

அன்று மத்தியானம் அவர் அரக்கப்பரக்க வீட்டுக்கு ஓடிவந்தார். விரிசலுக்குக் காரணம் தேடித் தரைமட்டம் அளந்தவர்கள் காலையில்தான் முடிவைச் சொல்லியிருந்தார்கள். வாயுவை எடுக்க எடுக்க அடிப்பாறை அமுங்குகிறது. மேலே நிலமும் இறங்குகிறது. ஊர்க்கோடியில், மூன்றாம் கிணற்றை ஒட்டிய அவர்கள் தெருவில்தான் அது அதிகம்.

மெஷின் சும்மா கிடந்தது. குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு, நீங்களா? கதவு இறுகிடுச்சுங்க. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு."

தோளால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை. நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்வியிருந்தது. தச்சு வேலை செய்யும் மைத்துனனைப் போனில் கூப்பிட்டுவிட்டு, கதவோரம் உட்கார்ந்தார்.

"பயப்படாதே. உன் தம்பி கடப்பாரையோட வர்றான்."

"பயமெல்லாம் இல்ல, பசிதான். நீங்க ஏன் இந்நேரத்துக்கு வந்தீங்க?"

சொன்னார். உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்காரும் சத்தம் கேட்டது.

"ஏய், கேக்குதா?"

"கேக்குது. நீங்க அங்க வால்வைத் திருப்பத் திருப்ப, இங்க என் வீடு இறங்கியிருக்கு. நல்ல குடித்தனம்!"

அவர் கதவில் தலையைச் சாய்த்தார். "மூணாம் கிணத்தை மூடச் சொல்லப் போறேன். வேலை போனாலும் போகும்."

"போனா போகட்டும். எனக்குச் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க, கதவு வழியாவே தெரியுது."

தம்பி வந்து நிலையை நெம்பினான். ஈரத் தலையோடு வெளியே வந்தவள் நேராக அவர் மார்பில் சாய்ந்தாள்.

"அக்கா, மாமா, கொஞ்சலெல்லாம் தெருவுல வச்சுக்கலாம். முதல்ல வெளிய வாங்க!" என்று தம்பி விரட்டினான்.

மறுநாள் அதிகாரிகள் முன் அவர் பேசினார். அவர்கள் லேசில் மசியவில்லை. தெருவே திரண்டு போய் அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகுதான் மூன்றாம் கிணறு மூடப்பட்டது. அவரைத் தொலைவிலுள்ள வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இறங்கிய நிலம் மேலே வரவில்லை. மேற்கொண்டு இறங்குவது மட்டும் குறைந்தது. வீடு இனி குடியிருக்க லாயக்கில்லை என்றாகிவிட்டது. ஊரின் மறுகோடியில் தம்பி வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள்.

குடிபோன பின் வந்த முதல் ஞாயிறு, சாப்பிட்டுப் படுத்திருந்தவள் சட்டென்று அவர் கையைப் பற்றினாள்.

"தரை அதிருதுங்க!"

"கீழ உன் தம்பி பலகை அறுக்கறான். தூங்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப கையை விடலாமா?" என்றார்.

"யாரு விடச் சொன்னா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.